டயரில் எழுதியிருந்த விலை

பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் கார் நின்றது. முன் சக்கரத்தின் பக்கத்தில் மருமகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழிந்த பனியன் துணியால் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி பெய்த தூறலில் சந்தே குழம்பாகிக் கிடந்தது. தேய்க்கத் தேய்க்க, கறுப்பின் மேல் கறுப்பாக எழுத்துகள் மெல்லத் தலைகாட்டின.

மாமனார் டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, பல்லு விளக்கி விடுறியா?"

"நம்பர் பாக்குறேன் மாமா."

"நம்பர் பிளேட்டு முன்னாடியில்ல இருக்கு."

அவரிடம் ஒரு பதில் சொன்னால் அது மூன்று கேள்வியாகத் திரும்பி வரும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள் விளிம்பில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். 185/65 R15 88H. டயரிலும் அதுவேதான் இருந்தது. எழுத்து இருந்ததே தவிர டயர் இல்லை. தரையைத் தொடுகிற பாகம் வழுக்கை மண்டை மாதிரி பளபளத்தது.

கார் செகண்ட் ஹாண்ட். வாங்கியது அவள். ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வரும் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து, முடிந்ததும் கொண்டுபோய் விட ஒரு வாடகைக் கார் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். நிரந்தர வேலை. அவள் போய்ப் பேசி, வண்டியைக் காட்டி, ஓட்டியும் காட்டிவிட்டாள். அங்கே வண்டிகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "டயரை மாத்துங்க. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அதே சைஸ். ஒரு எழுத்து மாறினாலும் எடுத்துக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட் மூடுறதுக்குள்ள வரணும். இல்லேன்னா அடுத்த ஆள்."

அடுத்த ஆளும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேன்காரர். பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவரைப்போல.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒரு விலை சொல்லுவாள். மாமனார் பின்னாலிருந்து வேறு விலை சொல்லுவார். வந்தவர்கள் அவரைப் பார்ப்பார்கள். அவள் தூசி தட்டுவாள். கணவன் நல்லவன்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது விலை சொல்லக்கூடிய அளவுக்கு நல்லவன். இந்தக் கார் வேலை கிடைத்தால் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நானும் வரேன்" என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா? நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"நீ போவ. கடைக்காரன் கேட்டதைக் கொடுப்ப. வந்துடுவ. அதுக்குப் பேரு வாங்கறது இல்லம்மா, தானம்."

கடைவீதியில் அவருக்குப் பெயர் பாதிவிலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் முதலில் பாதியைச் சொல்லுவார். டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னபோது, "அரை மணின்னு வச்சுக்கலாம் சார்" என்று பேசி முடித்துவிட்டு வந்தவர். அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று உண்டு. தனக்கு என்ன வேண்டுமோ அதை வாயால் சொல்லவே மாட்டார். குடை வாங்கப் போனால் செருப்பு விலை கேட்பார். செருப்பை மூக்கைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டு, கிளம்பும்போது போனால் போகிறதென்று குடையைப் பார்ப்பார். வேண்டும் என்பது எதிராளிக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே விலை ஏறிவிடும் என்பது அவர் கட்சி. வீட்டிலும் அப்படித்தான். இன்னொரு கரண்டி சாதம் வேண்டுமென்றால், "என்ன, சாதம் மிஞ்சிப்போச்சா?" என்று அத்தையிடம் விசாரிப்பார்.

மருமகள் காரை எடுத்தாள். அவர் முன் சீட்டில் ஏறி, பெல்ட் போடச் சொன்னதும் போட்டுக்கொண்டு, கேட்டார்.

"அது என்ன நம்பரும்மா? சொல்லு. விவரம் தெரியாம பேரம் பேசக் கூடாது."

இதில் நியாயம் இருந்தது. அவள் நிதானமாகவே சொன்னாள். இந்த வண்டி வாங்கின நாளிலிருந்து டேஷ்போர்டில் இருந்த கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்தவள்.

"நூத்தி எண்பத்தஞ்சுங்கிறது டயரோட அகலம் மாமா. மில்லிமீட்டர்ல."

"சரி."

"அறுபத்தஞ்சுங்கிறது பக்கச் சுவரோட உயரம். அது மில்லிமீட்டர் இல்ல. அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு."

"உயரம் என்னன்னு அகலத்தைப் போய்க் கேக்கணுமா?"

"ஆமா. ஆர்னா ரேடியல். உள்ளே நூல் ஓடற விதம். பதினஞ்சுங்கிறது நடுவுல இருக்கிற இரும்பு வளையத்தோட விட்டம். அது அங்குலம்."

மாமனார் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம். ஏம்மா, ஒரு அண்டாவை நான் இத்தனை மில்லிமீட்டர் அகலம், அதுல நூத்துக்கு இத்தனை உயரம், இத்தனை அங்குலம் வாயின்னு சொல்லி வித்தா நீ என்ன நெனப்ப?"

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு நெனப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். இவ்வளவு பெரிய கம்பெனி நடத்தறவன் பைத்தியமா? இது அளவு இல்லம்மா. அடக்க விலை."

மருமகள் பிரேக்கை மிதித்தாள். மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. சும்மாதான் மிதித்தாள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடையில் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் கொள்முதல் விலையைக் குறியாக எழுதி வைப்பது குடும்ப வழக்கம். எண்ணுக்குப் பதில் எழுத்து. அதற்கு, எண்ணுக்கு ஒரு எழுத்தாகப் பத்து எழுத்துள்ள ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். மருமகளுக்கே கல்யாணமாகி இரண்டாவது வருஷம்தான் சொன்னார்கள், அதுவும் காதோடு. சரக்கின் மேல் புரியாதபடி ஒன்று எழுதியிருந்தால் அது வாங்குபவனிடமிருந்து எதையோ மறைப்பதற்குத்தான் என்று அரை நூற்றாண்டாக நம்பி வருகிறவர் அவர்.

"நூத்தி எண்பத்தஞ்சு அசல்" என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். "அதுக்கு எத்தனை சைபர் சேக்கணுங்கிறது அவங்களுக்குள்ள. நடுவுல கோடு போட்டு அறுபத்தஞ்சு, அது மேல ஏத்தினது. லாபம். ஆர், ரொக்கம். ரொக்கம் இல்லேன்னா பதினஞ்சு நாள் தவணை. எண்பத்தெட்டு மொத்த வியாபாரிக்கு. நமக்கு எதுக்கு?"

"மாமா, எண்பத்தெட்டுங்கிறது எவ்வளவு கனம் தாங்கும்ங்கிறது. எச்சுங்கிறது எவ்வளவு வேகம் தாங்கும்ங்கிறது. கையேட்டுல போட்டிருக்கு."

"போட்டிருப்பான். வாங்கறவன் படிக்கிற புஸ்தகத்துல அடக்க விலையா போடுவான்?"

டயர்க் கடை கண்ணில் படுவதற்கு முன்பே, பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"கடை இன்னும் அந்தப் பக்கம் மாமா."

"தெரியும். இந்த வழுக்கையை அவன் பாத்தான்னா, இவங்க இன்னிக்கு வாங்காம போக மாட்டாங்கன்னு தெரிஞ்சுடும். வண்டி இங்கேயே இருக்கட்டும். நீயும் இங்கேயே இரு."

"நான் எதுக்கு இருக்கணும்?"

"உன் மூஞ்சியிலயே வேணும்னு எழுதியிருக்கும்மா. அதுக்குக் குறி கூடத் தேவையில்ல, யாரு வேணா படிக்கலாம். அதோ டீக்கடை. ஒரு டீ குடி. பன்னு சாப்பிடு."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனாலும் தெருவில் நின்று மாமனாரோடு சண்டை போட்டு மதியத்தை விரயம் செய்வதைவிட, பதினைந்து நிமிஷம் அவரை விட்டுத் தொலைக்கலாம் என்று பட்டது. எண்ணை மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். கணக்கில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதை நம்பித்தான் அவள் மோசம்போனாள்.

டீ ஆறுமுன்பே குடித்தாள். பன் நேற்றைய பன். பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றினாள். பிறகு இன்னொரு டீ குடித்தாள். வெயில் மேகத்துக்குள் புகுந்து புழுக்கமாகிவிட்டது. அவள் எழுந்து போகலாமென்று நினைத்தபோது தெருமுனையில் மாமனார் தெரிந்தார். ஒரு புது டயரைக் குழந்தையை நடை பழக்குவதுபோலக் கையால் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் இன்னும் மூன்று. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷம் நல்லதுக்கு இல்லை.

"முடிச்சுட்டேன்" என்றார். "சரியான ஆளும்மா அவன். லேசுல மடங்கலை. முதல்ல லாரி டயர் விலை கேட்டேன். அப்புறம் டிராக்டர். அப்புறம்தான் மெதுவா நம்மது. அறுபத்தஞ்சுன்னான். நான் அறுபதுன்னேன்."

மருமகள் காகிதப் பொட்டலத்தைக் காரின் மேல் வைத்தாள்.

"என்னன்னீங்க?"

"அறுபது. 'அறுபதா? நிச்சயமா சொல்றீங்களா?'ன்னு ரெண்டு தடவை கேட்டான். ஆடிப்போயிட்டான். 'அறுபதுக்கு மேல ஒரு புள்ளி போக மாட்டேன், இருந்தா கொடு, இல்லேன்னா விடு'ன்னு எழுந்துட்டேன். உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தான். அதுமட்டுமில்ல. எண்பத்தெட்டையும் அவனாவே எண்பத்திநாலா குறைச்சுட்டான். நான் கேக்கக்கூட இல்ல."

அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. பளிச்சென்று இருந்தது. 185/60 R15 84H.

சிரிப்பதா, காரின் பானட்டில் தலையை முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. புது டயரை வழுக்கை டயருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினாள். புதுசு அரை விரல்கடை குட்டையாக நின்றது. தேய்ந்து தீர்ந்த கிழட்டு டயரைவிடப் புது டயர் குட்டை.

"பாருங்க மாமா."

அவர் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "தரையை ஒட்டி ஓடும். ஏற இறங்க சுலபம்."

"சக்கரம் சின்னதாயிடுச்சு. வண்டி ஒரு வேகத்துல போனா மீட்டர் ஒரு வேகம் காட்டும். அதை விடுங்க. எண்பத்தெட்டுன்னா ஒரு சக்கரம் ஐந்நூத்தி அறுபது கிலோ தாங்கும். எண்பத்திநாலுன்னா ஐந்நூறுதான்."

"நாலுதானே குறைஞ்சுது? அறுபது கிலோ எங்கேருந்து போச்சு?"

"அந்த நம்பருக்கு ஒரு பட்டியல் இருக்கு மாமா. அது கிலோ இல்ல."

"அதானே பாத்தேன். அதுவும் வேறயா."

"நான் கூட்டிட்டுப் போகப்போறது நோயாளிங்களை. கூட ஒரு ஆளு வருவாங்க, சக்கர நாற்காலி வரும். ஸ்டிக்கர்ல இருக்கிறதுல ஒரு எழுத்து மாறினாலும் எடுத்துக்க மாட்டேன்னு அந்த மனுஷன் சொல்லியிருக்கார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

மாமனார் புது டயரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, தான் செய்ததில் ஒரு பிசகு இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"வாங்கும்போது நல்லாத்தான் இருந்துது."

"வாங்க, போய் மாத்திட்டு வரலாம்."

"மாத்தறதா?" அவர் முகம் சுருங்கியது. "அங்க போர்டு போட்டிருக்கான். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாதுன்னு. நம்ம கடையிலயும் அதே போர்டுதான். நான் போய் எந்த மூஞ்சியோட கேப்பேன்?"

"நீங்க கேக்க வேண்டாம். வண்டியில ஏறி உக்காருங்க."

டயர்களைப் பின் சீட்டில் திணித்து, ஒன்றை மாமனாரின் மடியில் வைத்து, அவள் காரைக் கடைக்கு ஓட்டினாள். ஓரமாக நிறுத்தவில்லை. வாசலுக்குக் குறுக்கே, வேறு எந்த வண்டியும் உள்ளே வரமுடியாதபடி நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடைக்குள் ரப்பர் வாடை முகத்தில் அறைந்தது. சுவர் முழுக்க டயர் அடுக்கு. மூலையில் காற்றடிக்கும் எந்திரம் விட்டு விட்டு உறுமியது. டயர்க்காரர் கல்லாவில் உட்கார்ந்து, ஈரத் துணியால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனத்த மனிதர், சின்னக் கண்.

மருமகள் நேராகவே சொன்னாள். அந்தக் குடும்பத்தில் யாரும் எந்தக் கடையிலும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"எனக்கு வேண்டியது நூத்தி எண்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினஞ்சு இஞ்ச். எண்பத்தெட்டு எச். நாலு டயர். எங்க மாமா தப்பா அறுபது வாங்கிட்டார். சாயங்காலத்துக்குள்ள சரியான டயரோட ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா எனக்கு வேலை கிடைக்காது. மாத்திக் கொடுங்க. வித்தியாசம் என்னவோ தந்துடறேன்."

டயர்க்காரர் அவளையே பார்த்தார். பிறகு வாசலில் குறுக்கே நின்ற காரையும், அதற்குள் டயரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரையும் பார்த்தார்.

"எல்லாத்தையும் இப்படிப் பட்டுன்னு சொல்றீங்களே. இதுல என்ன உள்குத்து?"

"ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொல்றேன்."

"டிராக்டர் டயர்ல ஆரம்பிச்ச குடும்பம் உண்மையைச் சொல்லுதுன்னா நான் ஜாக்கிரதையா இருக்கணும். அறுபத்தஞ்சு ஸ்டாக் இல்லம்மா."

"உங்க தலைக்கு மேல இருக்கு. நாலாவது வரிசை."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அது வேற ஒருத்தருக்குச் சொல்லி வச்சது. நான் என்ன சொல்லாமயா கொடுத்தேன்? அறுபதான்னு ரெண்டு தடவை கேட்டேன். உங்க மாமா என்னைத் திட்டாத குறை. போர்டைப் பாருங்க."

"பாத்தேன். எங்க கடையிலயும் அதே போர்டு இருக்கு."

"அப்ப தெரியுமே."

"தெரியும். யாருக்குத் திருப்பி எடுத்துக்குவோம்னும் தெரியும். கூச்சல் போடறவங்களை வெளியில அனுப்பிடுவோம். வாசல்லயே உக்காந்துக்கிறவங்களுக்குத்தான் மாத்திக் கொடுப்போம்."

வாசலில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர் குவியலில் போய் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து மீதி பன்னைத் தின்றாள்.

"வண்டியையாவது எடுங்கம்மா."

"எப்படிங்க எடுக்கறது? நல்ல டயர் இல்லையே."

அப்போது பைக்கில் ஒருவர் வந்து நின்றார். தன் காருக்கு டயர் பார்க்க வந்தவர். வழி மறித்து நின்ற காரைப் பார்த்து, என்ன விஷயம் என்று விசாரித்தார். அவள் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போதே பின் சீட்டிலிருந்து ஒரு டயரை இழுத்து, அவருக்குக் காட்டுவதற்காகத் திருப்பினாள். திருப்பும்போது விளிம்பின் அருகே சின்னக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே நான்கு இலக்கம். காலையிலிருந்து அளவைப் பற்றியே தலையை உடைத்துக்கொண்டிருந்ததில் இதை அவள் பார்க்கவே இல்லை.

"நீங்க வாங்கும்போது இதைப் பாருங்க சார்" என்றாள் குரலை ஏற்றாமலே. "முதல் ரெண்டு இலக்கம் வருஷத்துல எத்தனாவது வாரம் செஞ்சதுன்னு. கடைசி ரெண்டு எந்த வருஷம்னு. இது செஞ்சு ஆறு வருஷம் ஆகுது. எங்ககிட்ட புதுசுன்னு கொடுத்திருக்காங்க."

பைக்கில் வந்தவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டயர்க்காரரைப் பார்த்தார்.

"உள்ள வாங்கம்மா" என்றார் டயர்க்காரர், எழுந்துகொண்டே. "வெயில்ல எதுக்கு உக்காந்திருக்கீங்க? உள்ள வந்து பேசுங்க."

வெயிலே இல்லை.

காருக்குள்ளிருந்து மாமனாரின் தலை வெளியே வந்தது. "அதுல வயசு வேற எழுதியிருக்கா? முதல்லயே சொல்லியிருந்தா வயசைச் சொல்லி இன்னும் கொஞ்சம் குறைச்சிருப்பேனே."

நாலாவது வரிசை கீழே இறங்கியது. இந்தத் தடவை மருமகள் ஒவ்வொன்றையும் உருட்டி, எல்லா எழுத்தையும் விரல் வைத்துப் படித்து, வாரத்தையும் வருஷத்தையும் பார்த்துத்தான் தள்ளிவிட்டாள். டயர்க்காரரே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். ஜாக்கி ஏறியது. போல்ட்டுகள் கிறீச்சிட்டுக் கழன்றன. சக்கரத்தை எந்திரத்தில் படுக்கப் போட்டு, கடப்பாரை மாதிரியான லிவரைக் கொடுத்து நெம்ப, வழுக்கை டயர் வளையத்தை விட்டு முனகிக்கொண்டே பிரிந்தது. புதுசின் விளிம்பில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினார். காற்று ஏற ஏற, டயர் வளையத்தில் போய் உட்காரும்போது டப்பென்று ஒரு வெடி. ஒவ்வொரு வெடிக்கும் மாமனாரின் தோள் குலுங்கியது. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறதென்று பார்த்து, ஈயத் துண்டுகளை விளிம்பில் தட்டி ஒட்டினார். வேலைக்காரர்தான். பொய் சொல்லும் நேரம் போக மற்ற நேரத்தில் நல்ல வேலைக்காரர்.

கிளம்பும்போது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது.

"மாமா" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "ஆஸ்பத்திரியில நீங்க வாயே திறக்கக் கூடாது. வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. சத்தியமா சொல்லுங்க."

"சரிம்மா."

"பாதி சரியா, முழு சரியா?"

"முழுசாத்தான்."

ஆஸ்பத்திரி வண்டிக் கொட்டகையில் பொறுப்பாளர் சாவிக் கொத்தோடு கேட்டுக்கு அருகில் நின்றிருந்தார். வெள்ளை வேன்காரரும் இருந்தார், பல்லில் குச்சியோடு. பொறுப்பாளர் ஸ்டிக்கரைப் பார்த்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து படித்தார். அவர் உதடு அசைந்ததை மருமகள் கவனித்தாள்: நூற்றி எண்பத்தைந்து, அறுபத்தைந்து, பதினைந்து, எண்பத்தெட்டு. நாலாவது சக்கரத்துக்குப் பின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"நல்லது. டிக்கியைத் திறங்க."

"டிக்கி எதுக்கு சார்?"

"ஸ்டெப்னி."

அவள் திறந்தாள். விரிப்பைத் தூக்கினாள். உள்ளே கிடந்தது முன்பு வண்டி வைத்திருந்தவன் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட டயர். 195 என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவும் வழுக்கை. ஐந்தாவதாக ஒரு டயர் உண்டு என்பதே இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆகாதும்மா" என்றார் பொறுப்பாளர். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் மோசம். "நடுவழியில பஞ்சர் ஆனா நோயாளியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"சார், நாளைக்கு மாத்திடறேன் சார். காலையில முதல் வேலையா."

"இன்னிக்குன்னு சொன்னேன்ல?" அவர் வேன்காரர் பக்கம் திரும்பினார். வேன்காரர் பல்லிலிருந்து குச்சியை எடுத்தார்.

மருமகள் கார் ஜன்னலுக்கு ஓடினாள். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்தால் இப்படித்தான் காப்பாற்றுவார், எதிராளிக்கு வலிக்கிற மாதிரி.

"மாமா, கொஞ்சம் பேசுங்க."

அவர் உதட்டைக் காட்டி, மூடியிருப்பதாகச் சைகை செய்தார்.

"மாமா, பேசுங்கன்னு நானே சொல்றேன்."

"பேசினா என்ன தருவ?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எரிச்சலில் அதுவும் வராமல் போயிற்று.

"என்ன வேணும்?"

வேண்டும் என்பதை நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவர் கொஞ்சம் தடுமாறினார். "அந்த அஞ்சாவது டயரை நான் போய் வாங்கறேன். தனியா. நீ கூட வரக்கூடாது."

"சரி."

"முழு சரியா?"

"மாமா."

அவர் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு பொறுப்பாளரைத் தாண்டி நேரே வெள்ளை வேனிடம் போனார். கதவைத் தட்டிப் பார்த்தார். சுற்றி வந்தார்.

"நல்ல வேன் சார்" என்றார் திரும்பி. "இதையே எடுத்துக்குங்க. எங்க காரெல்லாம் எதுக்கு? இதுல படி மட்டும் கொஞ்சம் உயரம். அதனால என்ன, நோயாளியைத் தூக்கி ஏத்தறதுக்கு உங்ககிட்ட ஆள் இருக்குமே."

பொறுப்பாளர் வேனின் படியைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"ஆள் எங்க இருக்கு?" என்றார்.

"நான் ஏத்தி விடறேன் சார்" என்றார் வேன்காரர்.

"தம்பி ஏத்திடுவார்" என்று மாமனார் உடனே ஆமோதித்தார். "எல்லாம் மாத்தி மாத்தி வாரத்துல மூணு தடவை வர்றவங்க, வயசானவங்க. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தம்பி முதுகு நல்லா இருக்கணும். நாங்க வரோம் சார்."

அவர் காரை நோக்கித் திரும்பி நடந்தே விட்டார். பொறுப்பாளர் சாவிக் கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஐயா, நில்லுங்க. அந்த ஸ்டெப்னி எப்ப கிடைக்கும்?"

"அதுவா. ஒரு வாரம் ஆகும் சார். இந்த சைஸ் சுலபத்துல கிடைக்கறதில்ல."

"ஒரு வாரமெல்லாம் முடியாது. நாளைக்குக் காலையில கேட் திறக்கும்போது டயர் இருக்கணும்."

"நாளைக்கா?" மாமனார் தாடையைச் சொறிந்தார். வானத்தைப் பார்த்தார். "கஷ்டம் சார். ரொம்பக் கஷ்டம். சரி, நீங்க இவ்வளவு வற்புறுத்தறதால."

"காலையில வரலேன்னா வேன்தான். சொல்லிட்டேன்."

"சரி சார்" என்றாள் மருமகள், மாமனார் அதிலும் பாதியைக் கேட்பதற்குள்.

வேன்காரர் குச்சியைத் திரும்பப் பல்லில் செருகிக்கொண்டார். காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தினாள். வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது, ஒரே ஒரு டயர்தான் பாக்கி. டயர்க் கடை இங்கிருந்து இரண்டு தெரு. இன்னும் மூடியிருக்க மாட்டார்கள். கொடுத்த வாக்குக்காக அவள் எஞ்சினை நிறுத்தினாள். மாமனார் உற்சாகமாகக் கதவைத் திறந்தார்.

"நம்பரைச் சொல்லுங்க மாமா."

"நூத்தி எண்பத்தஞ்சு. அறுபத்தஞ்சு. ஆரு, பதினஞ்சு. எண்பத்தெட்டு எச்சு."

"எதையும் குறைக்கக் கூடாது."

"ஒரு புள்ளி குறைக்க மாட்டேன். போதுமா?" என்றார். வாழ்நாளில் எந்த எண்ணைப் பற்றியும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

இறங்கி நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"ஏம்மா, அதே விலைக்கு அவன் எழுபது கொடுத்தா?"

"வேண்டாம் மாமா."

"அஞ்சு கூட வருதே."

மருமகள் எட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பினாள்.

"ஏறுங்க."